ஈரத் தோலில் விழுந்த கண்

என் தங்கை ஜெயித்தவற்றை முதலில் எழுதிவிடுகிறேன். மாடிப்படிக்கு அடியில் இருக்கும் பட்டறை அறையை, வீட்டுக்குச் சொந்தக்காரரான எங்கள் மாமா சைக்கிள் கடைக்கு வாடகைக்கு விடப் பேசி முடித்திருந்தார். அந்த வாடகையைத் தானே கொடுத்து, அறையைக் கடைசல் இயந்திரத்தோடு சேர்த்து அவரிடமிருந்து மீட்டாள். பிறந்ததிலிருந்து அவளுக்கு வலது கை முழுதாக மடங்காது. இடது கையை இரண்டு கைக்குச் சமமாக்கினாள். இடது கையால் எழுதியதற்கு அடித்த பள்ளிக்கூடத்தை இரண்டாம் வகுப்போடு விட்டுவிட்டு வந்தவள், தோல் சாமான் கண்காட்சியில் முதல் பரிசு வாங்கினாள். அவள் கையைப் பார்த்துக் கேலி பேசிய எங்கள் தெருவில், இன்று அவள் செய்த கொட்டாப்புளி என்னும் மரச்சுத்தியல் இல்லாத பட்டறை கிடையாது.

இவையெல்லாம் உயிரோடு இருப்பவர்களிடம் ஜெயித்தவை. இறந்துபோன ஒருவரிடமிருந்தும் அவள் ஒன்றை ஜெயித்தாள். அதைத்தான் விவரமாக எழுதப் போகிறேன். இறந்தவர் எங்கள் அம்மா.

அம்மா தோல் வேலைக்கான மரச்சாமான்கள் செய்தாள். உளியின் தலையில் அடிக்கும் கொட்டாப்புளி, தைக்கும்போது தோலை முழங்கால்களுக்கு நடுவில் கவ்விப் பிடிக்கும் மரக்கவ்வி, ஈரத் தோலைச் சுருக்கமில்லாமல் நீவிவிடும் தேய்ப்புக்கட்டை. இதில் ஏன் மரம் என்று வெளியாட்கள் கேட்பார்கள். மரப்பட்டைச் சாற்றில் பதம் செய்த தோல் ஈரமாக இருக்கும்போது இரும்பு பட்டால் கறுத்துப்போகும். பிறகு என்ன தேய்த்தாலும் முழுதாகப் போகாது. அதனால் ஈரத் தோலைத் தொடுகிற சாமான் மரமாகத்தான் இருக்க வேண்டும். எங்கள் தெருவில் நடக்கப் பழகும் குழந்தைக்குக்கூட இது தெரியும். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், நாங்கள்தான் மறந்துபோனோம்.

நான் அந்தத் தொழிலுக்குப் போகவில்லை. எட்டாம் வகுப்பு முடித்ததும் எதிர்ச் சந்தில் இருக்கும் கைப்பைப் பட்டறையில் தையலுக்குச் சேர்ந்தேன். தங்கைதான் அம்மாவோடு அந்த அறையில் இருந்தாள். அறை என்றால் நான்கு எட்டு நடந்தால் சுவர் வந்துவிடும். ஜன்னலுக்கு நேராகக் கடைசல் இயந்திரம். வலது பக்கச் சுவரில் உளிகள், அரங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு ஆணி. மூலையில் அடுப்பு. அதன் பக்கத்தில் எண்ணெய் டின். முடிந்த சாமானை மெழுகு கலந்த எண்ணெயில் ஊறவைக்கிற டின் அது. நடுவில் அம்மாவின் முக்காலி.

அம்மா அதிகம் பேசமாட்டாள். பேசினால் ஊசி ஏற்றின மாதிரி இருக்கும். தங்கையை அவள் கூப்பிடுவது 'எடக்கு' என்றுதான். இடது கைக்காக வைத்த பேரா, எதிர்த்துப் பேசுகிற வாய்க்கு வைத்த பேரா என்று நாங்கள் கேட்டதில்லை. தங்கை ஒரு சாமானை முடித்துக் கொண்டுபோய் நீட்டினால், அம்மா முக்காலியில் உட்கார்ந்தபடி கண்ணை மூடிக்கொண்டு அதன் மேல் கட்டைவிரலை ஓட்டுவாள். பிடித்தால், அடுப்பில் கிடக்கும் பித்தளை முத்திரையை இடுக்கியால் எடுத்து, சாமானின் தட்டையான பக்கத்தில் அழுத்துவாள். மரம் புகைந்து அடையாளம் பதியும். பிடிக்காவிட்டால் கைக்கோடாலியால் ஒரே போடு. இரண்டாகப் பிளந்து அடுப்புக்குள் போகும். எதற்குப் பிடிக்கவில்லை என்பதைப் பெரும்பாலும் சொல்லமாட்டாள். ஒருமுறை சொன்னது எனக்கு ஞாபகம் இருக்கிறது.

"இது யாருக்குச் செஞ்ச, எடக்கு?"

"சேணக்கார மாமாவுக்கு."

"அவன் வலது கைக்காரன். இந்தப் பிடி உன் கைக்கு வளைஞ்சிருக்கு. ஊருக்குச் செய்யறியா, உனக்கே செஞ்சுக்கறியா?"

கோடாலி இறங்கியது. அன்றிலிருந்து தங்கை ஒரு பழக்கம் வைத்துக்கொண்டாள். பிடியை இடது கையால் செதுக்குவாள். மடங்காத வலது கையில் கொடுத்துப் பார்ப்பாள். விரல் எங்கே முட்டுகிறதோ அங்கே இன்னும் கொஞ்சம் இழைப்பாள். அந்தக் கைக்கே வலிக்காத பிடி யார் கைக்கும் வலிக்காது என்பது அவள் கணக்கு. இன்றும் அப்படித்தான் செய்கிறாள்.

அம்மாவின் முத்திரை நீண்ட வட்டம், நடுவில் ஒரு புள்ளி. அது ஊசிக்காது, நடுவில் நூல் என்று அம்மா சொல்வாள். பார்க்கிறவர்களுக்கு அது கண்ணாகத்தான் தெரியும். கண் இருக்கிற சாமான் என்றால் தெருவில் யாரும் திருப்பிக்கூடப் பார்க்கமாட்டார்கள், அப்படியே எடுத்துக்கொள்வார்கள்.

தங்கை செய்த தேய்ப்புக்கட்டை ஒன்றில் முதல்முறை அந்த முத்திரை விழுந்த அன்று நான் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்திருந்தேன். அம்மா கண்ணை மூடித் தடவிப் பார்த்தாள். முத்திரையை அழுத்திவிட்டுக் கட்டையை நீட்டினாள். தங்கைக்கு முகமெல்லாம் பல்.

"அப்ப என் கை தேறிடுச்சாம்மா?"

"முத்திரை என் கண்ணுக்கு. உன் கைக்கு இல்ல. அத நீயே எடுத்துப் போட்டுடலாம்னு நெனைக்காத. உன் கைக்கு அது தாங்காது."

அவ்வளவுதான். சாதாரணமாகச் சொன்ன வார்த்தைதான். அது பிற்பாடு எங்கள் வீட்டில் குடிவந்தது.

கடைசி இரண்டு வருஷம் அம்மாவுக்குக் கை நடுக்கம். அந்தக் காலத்தில் பட்டறையிலிருந்து போன ஒவ்வொரு சாமானும் தங்கை செய்ததுதான். சாமான் தேறியதா என்று பார்க்கும் கண் மட்டும் அம்மாவுடையது, முத்திரையும். தெருவில் யாருக்கும் இது தெரியாது. பிறகு ஒருநாள் முத்திரையைக் காணவில்லை. எங்கே என்று கேட்டால், "எங்க இருக்கணுமோ அங்க இருக்கு" என்பாள் அம்மா. அதே பதிலோடு படுத்தாள், எழுந்திருக்கவில்லை.

அந்த வாரம் முழுக்க முத்திரையைத் தேடினோம். பலகைகளுக்குப் பின்னால், மரத்தூள் மூட்டைக்குள், அம்மாவின் தலையணை உறைக்குள். எண்ணெய் டின்னையும் வாளியில் கவிழ்த்துப் பார்த்தோம். கவிழ்த்தது நான்தான் என்பதால் இதை உறுதியாகச் சொல்கிறேன்.

துக்கம் விசாரிக்க வந்த என் முதலாளி, கிளம்பும்போது வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டே கேட்டார்.

"அம்மா செஞ்சு வெச்சது ஏதாவது மிச்சம் இருக்கா? இருந்தா வெளிய குடுத்துடாதீங்க."

அந்த வாரத்தில் வாயையே திறக்காத தங்கை, "நெறைய இருக்கு, மாமா" என்றாள்.

அவர் தெருமுனை தாண்டும் வரை பொறுத்தேன்.

"என்னடி நெறைய இருக்கு?"

"செஞ்சா இருக்கும்."

"உன் பேரச் சொல்லிச் செஞ்சு குடேன்."

"என் பேருக்கு யாரு வருவாங்கக்கா? ரெண்டு மாசம் சும்மா கெடந்தா மாமா சைக்கிள் கடைக்காரனக் கூட்டிட்டு வந்துடுவாரு. அப்புறம் நான் உளியத் தூக்கிட்டு எங்க போறது? டியூபுக்கு பஞ்சர் ஒட்டவா?"

அவள் சொன்னதில் பொய்யில்லை. அந்த அறை போனால் அவளுக்கு வேறு எதுவும் இல்லை. பழைய கொட்டாப்புளி ஒன்றிலிருந்த அடையாளத்தை மெழுகில் ஒற்றி எடுத்துக்கொண்டு போய், கொல்லரிடம் அதே அளவில் ஒரு முத்திரை அடித்து வாங்கி வந்தாள். கொல்லர் இரும்பில் அடித்தார். நெருப்பிலிருந்து எடுக்கும்போதெல்லாம் அதிலிருந்து கறுப்பாகப் பொருக்கு உதிரும். மேஜை ஓரத்தில் ஒரு தட்டு தட்டிவிட்டு மரத்தில் அழுத்துவாள். அம்மாவின் கண்ணுக்கும் இதற்கும் ஒரு வித்தியாசமும் தெரியாது.

சாமான்கள் போயின. அம்மா உயிரோடு இருந்தபோது போனதைவிட வேகமாகப் போயின. இறந்தவர் செய்தது, தீர்ந்தால் கிடைக்காது என்ற ஆசை எல்லோருக்கும்.

அதன் பிறகுதான் வீடு மாறத் தொடங்கியது. தங்கை முக்காலியில் உட்கார ஆரம்பித்தாள். செய்து முடித்ததைக் கண்ணை மூடிக்கொண்டு கட்டைவிரலால் தடவினாள். பிடிக்காததைப் பிளந்தாள். அதுவரை அவள் கோடாலியைத் தொட்டதே இல்லை. விடுமுறை நாட்களில் நான் மாடியில் துணி மடித்துக்கொண்டிருக்கும்போது கீழே கடைசல் ஓடும் சத்தம் கேட்கும். அம்மா ஓட்டினால் நடுவில் ஒருமுறை நிறுத்தி, இரண்டு முறை இருமிவிட்டு மறுபடி ஓட்டுவாள். அம்மாவுக்கு நெஞ்சில் மரத்தூள். தங்கைக்கு அப்படி ஒன்றும் இல்லை. ஆனாலும் நடுவில் நின்றது. இரண்டு இருமல் கேட்டது. பிறகு ஓடியது.

ஒரு மத்தியானம் டீ எடுத்துக்கொண்டு இறங்கியவள், வாசலில் நின்று, நினைக்காமலே "அம்மா" என்று கூப்பிட்டுவிட்டேன்.

"என்ன?" என்று திரும்பினாள் தங்கை.

நான் கூப்பிட்டது தப்பு என்று அவளுக்கு உறைக்கவில்லை. டீயை வாங்கிக் குடித்தாள்.

முதல் கண் என் மேஜையில்தான் விழுந்தது. கைப்பையின் மேல்மூடியை நனைத்து நீவிக்கொண்டிருந்தேன். சாப்பாட்டு மணி அடித்ததும் தேய்ப்புக்கட்டையை அப்படியே ஈரத் தோலின் மேல் வைத்துவிட்டுப் போனேன். முத்திரை கீழ்ப்பக்கம். திரும்பி வந்து எடுத்தால், பழுப்புத் தோலில் கறுப்பாக ஒரு நீண்ட வட்டம், நடுவில் ஒரு புள்ளி. ஓரம் மட்டும் கொஞ்சம் கலங்கியிருந்தது, தூங்கி எழுந்த கண் மாதிரி.

பக்கத்து மேஜையில் தோல் வெட்டுகிறவள் எட்டிப் பார்த்தாள். அவளைக் கத்திரிக்காரி என்றுதான் கூப்பிடுவோம்.

"என்னக்கா, உங்க பை முழிச்சுக்கிச்சு!"

"வாய மூடுடி."

"நான் மூடிக்கறேன். அத மூடச் சொல்லுங்க."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்த மாதிரி வைத்துக்கொண்டு அந்தத் துண்டை வெட்டி எறிந்தேன். தங்கையிடம் சொல்லவில்லை.

சொல்லாமல் இருந்து என்ன பிரயோஜனம்? அடுத்த வாரம் பெல்ட் பட்டறையில் ஒன்று விழுந்தது. அதற்கடுத்து உறை தைக்கிறவரிடம் இரண்டு. பல மாதம் ஒழுங்காக வேலை செய்துகொண்டிருந்த கட்டைகள், சொல்லிவைத்த மாதிரி ஒன்றன்பின் ஒன்றாகக் கண் திறந்தன. ஈரத் தோலின் மேல் கொஞ்ச நேரம் வைத்தால் போதும். வேடிக்கையாகப் பழைய சாமான்களையும் வைத்துப் பார்த்திருக்கிறார்கள். அம்மா இருக்கும்போது வாங்கியவை எதிலிருந்தும் ஒன்றும் விழவில்லை. அம்மா போன பிறகு வாங்கியவை மட்டும்தான் பார்த்தன.

தெரு அதற்குமேல் யோசிக்கவில்லை. இது என் கை இல்லை என்று செத்துப்போன அம்மாவே வந்து சொல்கிறாள் என்றார்கள். கத்திரிக்காரி தன் கட்டையைத் துணியில் சுற்றி என் மேஜையில் வைத்துவிட்டாள். "கோவிச்சுக்காதீங்கக்கா, உங்கம்மாவ எனக்கு உசுரோட இருக்கறப்பவே பயம்" என்றாள். இந்தமுறை யாரும் சிரிக்கவில்லை.

சேணக்கார மாமா நேராகப் பட்டறைக்கே வந்தார். குதிரைச் சேணம் செய்கிறவர். அம்மாவின் முதல் வாடிக்கை. அம்மாவோடு சரிக்குச் சரி வாயாடிய ஒரே ஆள். கையிலிருந்த தோலை விரித்து மேஜைமேல் போட்டார். நடுவில் கண்.

"சின்னவளே, உங்கம்மா என் சேணத்துல வந்து உக்காந்திருக்கா. குதிரை வெச்சிருக்கறவன் கேட்டா என்ன சொல்ல? சேணம் வாங்குனா ஒரு கெழவி இனாம்னா?"

தங்கை தலையைத் தூக்கவில்லை.

"நான் சிரிக்க வரல. அவ இருந்தப்ப வாங்குனது சும்மா கெடக்குது. அப்புறம் வாங்குனதுதான் முழிக்குது. ஒண்ணே ஒண்ணு சொல்லு. இதெல்லாம் யாரு செஞ்சது?"

அவள் தோலை, கண் தெரியாதபடி மடித்து அவர் பக்கம் தள்ளினாள்.

"சரி. ஞாயித்துக்கெழம எல்லாரையும் கூட்டிட்டு வரேன். அன்னிக்குச் சொல்லு. அவ பேர்ல வேற யாரோ செஞ்சு வித்திருந்தா, இந்தத் தெருவுல ஒருத்தன் உங்க வாசல மிதிக்க மாட்டான். நானும்தான்."

அவர் போன பிறகு அவள் முக்காலியிலிருந்து எழுந்து, தரையில் சுவரோரமாக உட்கார்ந்தாள். திரும்பி வந்த சாமான்களை எல்லாம் முத்திரை தெரியாதபடி கவிழ்த்து வைத்திருந்தாள்.

"தாங்காதுன்னு அம்மா சொன்னாளேக்கா."

"அதெல்லாம் சும்மா வாய்க்கு வந்தது."

"அம்மாவுக்கு வாய்க்கு வந்தது எதாவது சும்மா வந்திருக்கா?"

அவள் இரும்பு முத்திரையை எடுத்து, பார்க்கப் பிடிக்காத மாதிரி, எட்டின மூலைக்கு வீசினாள். பிடிகளுக்குச் சுற்றும் தோல்துண்டுகளை ஊறவைத்திருந்த வாளிக்குள் போய் விழுந்தது. எடுக்கப் போகவில்லை. அடுத்த நாளும் அவள் பட்டறையைத் திறக்கவில்லை.

சனிக்கிழமை காலையில் தரையைப் பெருக்க நான் உள்ளே போனேன். வாளியைக் காலி செய்யலாம் என்று கவிழ்த்தேன். துண்டுகள் தனித்தனியாக விழுந்தன. மேலே இருந்தவை நல்ல பழுப்பு. அடியில் முத்திரையோடு ஒட்டிக்கிடந்தவை மை கொட்டின மாதிரி கறுப்பு. கறுப்புத் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். எத்தனை வருஷமாகத் தோலோடு புழங்குகிறவள்! மரமண்டைக்கு ஏற நேரம் பிடித்தது.

"எடக்கு! கீழ எறங்கி வா!"

அவள் வந்து துண்டைப் பார்த்தாள். முத்திரையைப் பார்த்தாள். தெருவிலிருந்து திரும்பி வந்த கட்டை ஒன்றை எடுத்து, அதன் முத்திரைப் பள்ளத்தைப் பழைய பல்துலக்கும் பிரஷால் சுரண்டினாள். பள்ளத்திலிருந்து உதிர்ந்த கரித்தூளை ஒரு ஈரத் துண்டின் மேல் தட்டினாள். நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒவ்வொரு பொடியைச் சுற்றியும் ஒரு சின்னக் கறுப்புப் புள்ளி படர்ந்தது.

நெருப்பில் பழுத்த இரும்பிலிருந்து உதிரும் பொருக்கு, மரத்தைச் சுடும்போது பள்ளத்திலேயே தங்கியிருக்கிறது. மேலே மெழுகு மூடியிருந்த வரையில் ஒன்றும் தெரியவில்லை. பல மாதம் புழங்கி மெழுகு தேய்ந்ததும் ஈரம் உள்ளே போயிருக்கிறது. பித்தளைக்கு அந்தப் பொருக்கு கிடையாது. இவ்வளவுதான் விஷயம். தெரு முழுக்கத் தெரிந்த பாடம். சாமானை மரத்தில் செய்துவிட்டு, பேரை இரும்பால் சுட்டிருக்கிறாள்.

தங்கை சிரித்தாள். அடக்க முடியாமல், சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரிப்பு முடிகிற இடத்தில் இரண்டு இருமல் வந்தது. அவளே திடுக்கிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள்.

பிறகு வேலை மும்முரமானது. திரும்பி வந்த கட்டைகளின் பள்ளத்தைச் சுரண்டிச் சுத்தம் செய்து, மறுபடி மெழுகெண்ணெயில் போட வேண்டும் என்றாள். அடுப்பை மூட்டி எண்ணெய் டின்னை மேலே ஏற்றினேன். அடியில் உறைந்திருந்த மெழுகு கரைவதற்கு நீளக் கரண்டியால் கிளறினேன். டங் என்று ஒரு சத்தம்.

கரண்டியில் ஏறி வந்தது அம்மாவின் பித்தளை முத்திரை.

நான் முன்பே எழுதியிருக்கிறேன், அந்த டின்னை நாங்கள் கவிழ்த்துப் பார்த்திருந்தோம். மெழுகுக் கட்டிக்குள் ஒட்டிக்கொண்டிருந்ததால் அன்று விழாமல் போயிருக்கலாம். அப்படித்தான் இருக்க வேண்டும். நடுங்குகிற கையிலிருந்து தவறி விழுந்ததா, போட்டு வைத்தாளா என்பது அம்மாவுக்குத்தான் தெரியும். முத்திரை வெதுவெதுப்பாக இருந்தது. அடுப்பில் இருந்தது வெதுவெதுப்பாகத்தானே இருக்கும்! ஆனாலும் யாரோ அதுவரை கையில் வைத்திருந்து கொடுத்த மாதிரி இருந்தது.

"அப்பாடா!" என்றேன். "தப்பிச்சோம்டி. அந்த இரும்பத் தூக்கிப் போடு. இனிமே இதையே போடு. கண்ணாவது மண்ணாவது, ஒண்ணும் விழாது. நாளைக்கு வர்றவங்ககிட்ட இரும்புப் பொருக்கு, வேற ஒண்ணுமில்லன்னு சொல்லிடலாம். அம்மா செஞ்சதுதான், முத்திரை மட்டும் புதுசா அடிச்சோம்னா போச்சு."

அவள் பித்தளையை இடது கையில் வைத்துக்கொண்டு, அதன் மேலிருந்த மெழுகைக் கட்டைவிரலால் துடைத்தாள்.

"அப்ப நான் சாகற வரைக்கும் அம்மாவா இருக்கணுமாக்கா?"

எனக்கு அந்த மத்தியானமும் டீயும் ஞாபகம் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை சேணக்கார மாமா, என் முதலாளி, பெல்ட்காரர் எல்லோரும் வந்து, இடம் போதாமல் வாசல்வரை நின்றார்கள். முக்காலியில் யாரும் உட்காரவில்லை. தங்கை ஈரத் துண்டில் பொருக்கைத் தட்டிக் காட்டினாள். பெல்ட்காரர் நெற்றியில் அடித்துக்கொண்டார்.

"இரும்பு! அட நம்ம புத்தியே! இதுக்கா ஒரு மாசமா பொண்டாட்டி என்னப் பட்டறைப் பக்கமே அனுப்பல?"

எல்லோருக்கும் மூச்சு வந்தது. சேணக்கார மாமாகூடச் சிரித்துவிட்டார்.

"அப்ப உங்கம்மா செஞ்சதுதானே எல்லாம்? நான்தான் அவசரப்பட்டுட்டேன்."

ஆமாம் என்றால் முடிந்தது. தலையை ஆட்டினால்கூடப் போதும். அறை தங்கும், வாடிக்கை தங்கும். நான் அவள் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"இல்ல, மாமா. அம்மா போனப்புறம் வந்தது எல்லாம் நான் செஞ்சது. அதுக்கு முந்தி ரெண்டு வருஷமும் நான் செஞ்சதுதான். முத்திரை மட்டும் அம்மா போட்டா."

சிரிப்பு நின்றது. சேணக்கார மாமா இடுப்பில் செருகியிருந்த கொட்டாப்புளியை உருவினார்.

"இது?"

"அதுவும் நான்தான்."

அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதில் இருந்தது பித்தளையின் கண், சுத்தமான கண்.

"எங்கிட்டயே வித்துட்டியா?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் வலித்தது. கொட்டாப்புளியை மறுபடி இடுப்பில் செருகிக்கொண்டு போனார். மற்றவர்கள் அவர் பின்னால் போனார்கள். என் முதலாளி மட்டும் என்னிடம், "நாளைக்கு வேலைக்கு வந்துடும்மா" என்றார்.

அதன்பின் யாரும் வரவில்லை. தங்கை தினமும் பட்டறையைத் திறந்தாள். முத்திரை இல்லாமலே செய்து சுவரோரம் அடுக்கினாள். பித்தளையை ஜன்னல் விளிம்பில் வைத்திருந்தாள். வெயில் பட்டால் அது அறைக்குள் பார்க்கும். மாமா சைக்கிள் கடைக்காரரோடு வந்து, டேப்பை நீட்டி அறையை அளந்துகொண்டு போனார். கடைசலின் மேல் கையை வைத்து, "இதையும் சேத்து எடுத்துக்கறீங்களா?" என்று அவர் கேட்டதும், தங்கை மரத்தூளை அவர் வேட்டி பக்கமாகப் பெருக்கித் தள்ளினாள்.

ஒரு காலை நேரம், நான் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். சேணக்கார மாமா வாசலில் நின்றார். உள்ளே வரவில்லை. கையில் அன்று இடுப்பில் செருகிக்கொண்டு போன அதே கொட்டாப்புளி, தலை பிளந்து.

"வேற எடத்துல ரெண்டு வாங்கிப் பாத்தேன்" என்றார், யாரிடமோ சொல்கிற மாதிரி. "சாயந்தரம் ஆனா மணிக்கட்டு கழண்டுடுது."

தங்கை சுவரோரத்திலிருந்து ஒன்றை எடுத்து நீட்டினாள். அவர் வாங்கி, உள்ளங்கையில் இரண்டு முறை அடித்துப் பார்த்தார். பிடியை மூடித் திறந்தார். பிறகு திருப்பினார். தட்டையான பக்கம் வெறுமையாக இருந்தது.

"பேரு எங்க?"

"போடல மாமா."

"அநாதைச் சாமான என் பட்டறைக்குள்ள விடமாட்டேன். இது ஒடைஞ்சா நான் யாரத் திட்டறது? செஞ்சவ யாரோ, அவ பேரு வேணும். உங்கம்மா பேரு வேணாம். அவளத் திட்டித் திட்டி எனக்கு அலுத்துப்போச்சு."

தங்கை கொட்டாப்புளியை வாங்கினாள். அவள் கண் ஜன்னல் விளிம்புக்குப் போனது, முக்காலிக்குப் போனது. எங்கே கையெழுத்துக் கேட்டாலும் அவள் கட்டைவிரல் ரேகைதான் வைப்பாள். பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு தன் பெயரை எங்கேயும் எழுதியதில்லை. சின்னச் செதுக்குக் கத்தியை இடது கையில் எடுத்தாள். மடங்காத வலது கையால் கொட்டாப்புளியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். எழுத்து எழுத்தாக வெட்டினாள். எழுத்துகள் பின்பக்கம் சாய்ந்திருந்தன. ஓர் எழுத்தின் கால் நீளமாகிவிட்டது. பாதி வெட்டும்போது எங்கள் பின்னால் முக்காலி லேசாக முனகியது. வெயில் ஏறினால் மரம் முனகும் என்பது எனக்குத் தெரியும். நான் திரும்பிப் பார்க்கவில்லை. அவளும் பார்க்கவில்லை. கத்தி மட்டும் ஒரு நொடி நின்றது, பிறகு ஓடியது. இருமல் இல்லை.

சேணக்கார மாமா எழுத்துக் கூட்டி வாசித்தார். "இதான் உன் பேரா? இத்தன வருஷம் எடக்குன்னுல்ல நெனச்சேன்" என்று இடுப்பில் செருகிக்கொண்டார்.

அந்தப் பெயரை நான் இங்கே எழுதவில்லை. அது அவள் போட வேண்டியது. தேதியை மட்டும், அவர் போனதும், அன்றன்று கிழிக்கும் காலண்டரில் பார்த்து வைத்துக்கொண்டேன்: இரண்டாயிரத்துப் பதினொன்று, மார்ச் ஒன்பது, புதன்கிழமை.